மலைப் பனிவண்டி: ஹேண்டில்பாரின் கனத்தைக் குறைப்பது எப்படி?

மலைச்சரிவுகளில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் ஸ்னோமொபைல், அதாவது பனிவண்டி, சுமார் 200 கிலோ எடை கொண்டது. பெட்ரோலும் ஆயிலும் நிரப்பி, ஓட்டுபவரும் ஏறி நின்றால் 300 கிலோவை நெருங்கிவிடும். இந்த எடையில் ஒரு பங்கு முன்னால் உள்ள இரண்டு சறுக்குப் பலகைகளின், அதாவது ஸ்கீகளின் மேல் இறங்குகிறது. மீதியைப் பின்னால் சுழலும் ரப்பர் டிராக் தாங்குகிறது. ஹேண்டில்பார் கனமாகத் திரும்புகிறது என்று ஓட்டுபவர் சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது ஸ்கீகளின் மேல் உள்ள பாரத்தைப் பற்றித்தான். மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி, வண்டி குடைசாய்ந்து நிற்கும். பனிவண்டியிலும் முன்பாரத்தை அளவாக வைப்பதே முதல் வேலை. ஹேண்டில்பாரைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

இன்று பரவலாகக் காணப்படும் சிறிய பனிவண்டியின் அமைப்பு, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள வால்கோர்ட் என்ற ஊரிலிருந்து ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கீ-டூவிலேயே இருந்தது: முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் ஒரே டிராக், நடுவில் இருக்கை, திருப்புவதற்கு ஒரு ஹேண்டில்பார். மலைக்கான வண்டி பின்னாளில் அதிலிருந்து பிரிந்த தனிக் கிளை. பாதைகளில் ஓடும் வண்டியின் டிராக்கை முழுச் சுற்றாக அளந்தால் பெரும்பாலும் 120 முதல் 137 அங்குலம் இருக்கும். மலை வண்டிக்கு 146இல் தொடங்கி 175 அங்குலம் வரை போகும். டிராக்கின் வெளிப்புறத்தில் துடுப்புபோல் நிற்கும் ரப்பர் கட்டைகள் பாதை வண்டியில் ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் உயரம் என்றால் மலை வண்டியில் இரண்டரை, மூன்று அங்குலம். இரண்டு ஸ்கீகளுக்கு இடையிலான அகலமோ குறைவு: பாதை வண்டியில் 42 அங்குலத்தை ஒட்டி இருப்பது மலை வண்டியில் 36 அங்குலத்தை ஒட்டி இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக், மொன்டானாவின் குக் சிட்டி, வயோமிங்கின் டோகுட்டி கணவாய் போன்ற இடங்களில் இடுப்பளவுக்கு விழுந்து கிடக்கும் பொடிப்பனியில் புதையாமல் மிதப்பதற்கும், எளிதாகப் பக்கவாட்டில் சாய்வதற்கும் இந்த உருவம் வேண்டியிருக்கிறது.

சாய்வது என்ற சொல்லில்தான் மலை ஓட்டத்தின் சூட்சுமமே இருக்கிறது. கெட்டியான பாதையில் ஸ்கீயைத் திருப்பினால் வண்டி திரும்பும். ஆழமான பொடிப்பனியில் ஸ்கீயை மட்டும் திருப்பினால் அது பனியைத் தள்ளிக்கொண்டு நேராகவே போகும். அங்கே வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, டிராக்கின் ஓர் ஓரத்தில் நிற்க வைக்க வேண்டும். அந்த ஓரமே பனியைக் கீறி வளைவு போடுகிறது. சாய்ப்பதற்கான முதல் அசைவு புதியவர்களைத் திகைக்க வைப்பது. இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஹேண்டில்பாரை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பி, உடல் எடையை இடது பாதப்பலகையில் போட வேண்டும். ஸ்கீகள் வலப்பக்கம் ஓட முயலும்போது வண்டியின் உடல் இடப்பக்கம் சரியும். சரிவில் குறுக்காக ஓட்டும்போதும் இப்படியேதான். மலை இடப்பக்கம், பள்ளம் வலப்பக்கம் என்றால், ஹேண்டில்பார் பள்ளத்தை நோக்கித் திரும்பியிருக்கும். மலைப்பக்கத்து ஸ்கீ பனியைக் கவ்வும். பள்ளப்பக்கத்து ஸ்கீ அந்தரத்தில் நிற்கும். ஓட்டுபவர் மலையோடு ஒட்டி நின்று கட்டை விரலால் திராட்டிலைச் சீராகப் பிடித்திருப்பார்.

இந்த நிலையைப் பல நிமிடங்கள் விடாமல் தாங்க வேண்டும். பொடிப்பனியின் அடியில் மறைந்திருக்கும் கட்டியில் ஸ்கீ மோதும்போதெல்லாம் ஹேண்டில்பார் கையைப் பிடுங்கும். இரண்டு மணி நேரத்தில் முன்கைத் தசைகள் கல்லாக இறுகிவிடும். விரல்கள் மரத்துப்போனவர் மரங்களுக்கு இடையே வண்டியை நிறுத்தக்கூடத் தடுமாறுவார். ஆகவே திசைமாற்றியை இலகுவாக்குவதை வெறும் சொகுசு என்று ஒதுக்கிவிட முடியாது. மலையில் களைத்துப்போன கை ஆபத்தான கை.

எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன், கனம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். என்ஜினை அணைத்து, வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்கீகள் தரையைத் தொடாமல் நிறுத்த வேண்டும். இப்போது ஹேண்டில்பாரை ஒரு விரலால் தள்ளினால் அது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகாமல் பிடித்தால் குற்றம் பாரத்தில் இல்லை, உராய்வில் இருக்கிறது. ஹேண்டில்பார் தண்டிலிருந்து ஸ்கீகளுக்குப் போகும் டை ராடுகளை ஸ்கீப் பக்கத்தில் கழற்றிவிட்டு, ஸ்கீயைப் பிடித்துத் திருப்பும் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் கையால் தனித்தனியே திருப்பிப் பார்த்தால், பிடிப்பது எது என்று தெரிந்துவிடும். ஸ்பிண்டில் புஷ்ஷில் பழைய கிரீஸ் தாரைப்போல் கெட்டியாகியிருக்கலாம். கோடையில் கொட்டகையில் நின்றபோது துரு ஏறியிருக்கலாம். இரண்டு பக்கமும் சரியாக இருந்து, ஹேண்டில்பார் நிற்கும் நடுத்தண்டு மட்டும் பிடித்தால், அதை அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டையின் போல்ட்டுகளை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். பல வண்டிகளில் இதைக் காணலாம். ஒரு ஸ்பேனரின் கால் சுற்றுத் தளர்வில் தீர்ந்துபோகும் சிக்கலுக்குப் பெருந்தொகை கொடுத்துப் புதிய ஸ்கீ வாங்கி மாட்டியவர்களும் உண்டு.

கிரீஸிலும் கவனம் வேண்டும். உறைநிலைக்கு இருபது முப்பது டிகிரி கீழே சாதாரண கிரீஸ் மெழுகாகிவிடும். குளிருக்கென்று விற்பதைத்தான் அடைக்க வேண்டும். பழைய கிரீஸும் உள்ளே புகுந்த நீரும் வெளியே வழியும்வரை அடித்தால்தான் புஷ் சுத்தமாகும். அதே சமயம், தேய்ந்த புஷ்ஷும் தளர்ந்த டை ராடு முனையும் ஹேண்டில்பாரை இலகுவாகக் காட்டும். அது ஆட்டம். அதை இலகு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கீ நுனியைப் பிடித்து அசைத்தால் ஹேண்டில்பார் அசையாமல் ஸ்கீ மட்டும் ஆடினால், அந்தத் துண்டை மாற்றிய பிறகே மற்ற வேலை.

உராய்வு இல்லை, ஸ்கீ தரையில் பட்டதும்தான் கனக்கிறது என்றால், காசு செலவில்லாத மாற்றத்திலிருந்து தொடங்கலாம். டிராக்கின் உள்ளே இருக்கும் பின் சஸ்பென்ஷனின் முன்புறத்தில் தடித்த நைலான் நாடா ஒன்று இருக்கும். லிமிட்டர் ஸ்ட்ராப் என்று பெயர். சஸ்பென்ஷனின் முன்கை எவ்வளவு தூரம் கீழே இறங்கலாம் என்பதற்கு இந்த நாடாதான் எல்லை கட்டுகிறது. நாடாவில் வரிசையாகத் துளைகள் இருக்கும். போல்ட்டை ஒரு துளை நகர்த்தி நாடாவை நீளமாக்கினால், முன்கை கூடுதலாக இறங்கி வண்டியின் மூக்கைத் தூக்குகிறது; பாரம் ஸ்கீயிலிருந்து டிராக்குக்குப் போகிறது. திராட்டில் கொடுத்ததும் மூக்கு இன்னும் எளிதாக எழும்பும். ஒரே ஒரு துளை நகர்ந்ததில் வேறு வண்டியை ஓட்டுவதுபோல் தோன்றும் அளவுக்கு மாற்றம் தெரிவதுண்டு.

ஆனால் இதற்கு விலை இருக்கிறது. நாடாவை மிகவும் தளர்த்தினால் செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும். ஸ்கீக்குப் பிடிமானம் இருக்காது. டிராக்கின் பின்பகுதி பனியைத் தோண்டிக் குழி பறிக்கும். டிராக்கின் முன்பகுதி பனியைச் சந்திக்கும் கோணமும் செங்குத்தாகிவிடுவதால், வண்டி பனியின் மேல் ஏறி மிதக்கச் சிரமப்படும். ஏற்றத்தில் மூக்கு எழும்பும் வண்டிக்கு நாடாவை இறுக்குவது வழக்கம். இறுக்கினால் ஹேண்டில்பார் கனக்கும். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு துளைதான் வித்தியாசம். நாடாவை நகர்த்திய ஒவ்வொரு முறையும் டிராக்கின் இழுவிசையையும் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் முன்கை இறங்கும்போது டிராக்கின் இறுக்கமும் மாறிவிடும்.

அடுத்து ஸ்பிரிங்குகள். ஸ்கீக்கு மேலே உள்ள ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைத் திருகிக் கெட்டியாக்கினால் ஸ்கீ பனியில் அழுந்தும். தளர்த்தினால் பாரம் குறையும். டிராக்குக்குள் இருக்கும் முன் ஸ்பிரிங்கில் நேர்மாறு: கெட்டியாக்கினால் அது மூக்கைத் தாங்கிக்கொண்டு ஸ்கீயை விடுவிக்கும். ஆக, ஸ்கீ ஸ்பிரிங்கைச் சற்றுத் தளர்த்தி, டிராக்கின் முன் ஸ்பிரிங்கைச் சற்றுக் கெட்டியாக்குவது மலையில் ஓட்டுபவர்களின் வாடிக்கையான சேர்க்கை. மேடுபள்ளமான பாதையில் அந்த முன் ஸ்பிரிங் முதுகுக்கு உறுத்தும், அவ்வளவுதான். காற்றை நிரப்பும் ஷாக் உள்ள வண்டியில் திருகுவதற்குப் பதில் சிறு பம்பால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். குளிரில் காற்றழுத்தம் இறங்கும் என்பதால், வீட்டின் கதகதப்பான கொட்டகையில் பார்த்த அளவு மலையுச்சியில் இருக்காது.

இரண்டு ஸ்கீகளின் சஸ்பென்ஷனையும் இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற கம்பி, வளைவுகளில் வண்டி சாயாமல் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. மலையிலோ சாய்வதுதான் தேவை. அதனால் பல மலை வண்டிகளில் இந்தக் கம்பியே கிடையாது. இருந்தால் உரிமையாளர்கள் கழற்றிவிடுகிறார்கள். ஸ்கீ அகலத்தைக் குறைப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். ஸ்பேசர்களை இடம் மாற்றி அகலத்தை ஓர் அங்குலம் குறைத்தாலே வண்டியைச் சரிக்கக் குறைந்த பலம் போதும். பதிலுக்கு, கெட்டிப் பாதையில் வேகமாக வளையும்போது அந்த வண்டி கவிழப் பார்க்கும்.

ஸ்கீயின் அடிப்பகுதியைக் கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் படகின் அடிக்கட்டைபோல ஒரு கீல் ஓடும். அதன் அடியில் உருண்டையான இரும்புக் கம்பி ஒன்றை போல்ட் செய்திருப்பார்கள். கம்பியின் நடுப்பகுதியில் சில அங்குல நீளத்துக்குக் கார்பைடு துண்டுகள் பதித்திருக்கும். பனிக்கட்டியைக் கவ்வுவது இந்தக் கார்பைடுதான். அது நீளமாகவும் கூர்மையாகவும் இருந்தால் பிடிமானம் கூடும், ஹேண்டில்பாரும் கனக்கும். பொடிப்பனியில் கார்பைடுக்குக் கவ்வ எதுவும் கிடைப்பதில்லை. அங்கே வேலை செய்வது கீலும் ஸ்கீயின் அகலமும். ஆகவே நாள் முழுக்க மலையிலேயே திரிபவருக்குக் குட்டையான கார்பைடு போதும். கொட்டகையிலிருந்து மலையடிவாரம் வரை நெடுந்தூரம் கெட்டிப் பாதையில் போக வேண்டியவர் குட்டைக் கார்பைடைப் போட்டால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி நேராக வழுக்கும்.

கடைகளில் விற்கும் அகலமான ஸ்கீகள் பொடிப்பனியில் கூடுதலாக மிதப்பதால் திருப்புவது எளிதாகும். கீல் மிக ஆழமானதாக இருந்தால் பனியைப் பிடித்து நிறுத்தி, கையின் வேலையைக் கூட்டிவிடும். விளம்பரத்தில் பிடிமானத்தைப் புகழ்ந்திருந்தால், கனமும் கூடவே வருகிறது என்று பொருள்.

முன்னே போன வண்டிகள் போட்ட கோடுகளில் ஸ்கீ விழுந்து, ஹேண்டில்பார் தானாக இடமும் வலமும் இழுப்பது பலருக்கும் தொல்லை. இது கனம் அல்ல என்றாலும் கையைக் களைக்க வைப்பதில் அதற்குச் சளைத்ததல்ல. முதலில் பார்க்க வேண்டியது இரண்டு ஸ்கீகளின் இணைகோடு. ஹேண்டில்பாரை நேராக நிறுத்தி, கார்பைடுகளுக்கு இடையிலான தூரத்தை முன்முனையிலும் பின்முனையிலும் அளக்க வேண்டும். முன்னால் கால் அங்குலத்துக்கும் குறைவான அளவு விரிந்திருப்பது சரியான நிலை. தன் வண்டிக்கான துல்லியமான அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். முன்னால் குறுகியிருந்தால் வண்டி அலைபாயும். டை ராட்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, ராட்டைச் சுழற்றி இதைச் சரிசெய்யலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால், ஸ்கீக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் கட்டையின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய துண்டைச் செருகுவது பழைய கைமுறை. அழுத்தம் ஸ்கீயின் பின்பகுதிக்கு நகர்வதால், ஸ்கீ பின்தொடரும் வண்டிச்சக்கரம்போல் நேராக ஓடப் பழகும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஹேண்டில்பார். அகலமான பார் நெம்புகோலை நீட்டுகிறது. 28 அங்குலப் பாரை இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் நீட்டினால், கணக்குப்படி கையின் பலத்தில் சுமார் 7 சதவீதம் மிச்சம். அந்த இரண்டு அங்குலமே நெருக்கமான மரங்களுக்கு இடையே கைவிரல்களை மரப்பட்டையில் உரச வைக்கவும் கூடும். பாரை உயர்த்தும் ரைசர், நின்றுகொண்டு ஓட்டுபவரின் முதுகை நிமிர்த்தும். உயரம் தொப்புளுக்கும் மார்புக்கும் இடையே அமைந்தால் வசதி. அதற்கு மேல் போனால் தோள் மட்டும் உழைக்க வேண்டியிருக்கும்.

ரைசர் மாட்டும்போது ஒரு சோதனையை மறக்கவே கூடாது. பாரை இரண்டு கோடிவரைக்கும் திருப்பி, திராட்டில் கேபிளும் பிரேக் ஹோஸும் எங்காவது விறைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விறைத்த கேபிள் தானாகவே திராட்டிலை இழுத்துவிடும். மரத்தை நோக்கி முழுவதும் திருப்பிய வண்டி அந்த நொடியில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கேபிள் எட்டவில்லை என்றால் நீளமானதை வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஹேண்டில்பார் நிற்கும் தண்டின் சாய்வுக் கோணம் பலரும் கவனிக்காத விஷயம். தண்டு ஓட்டுபவரை நோக்கி நன்றாகச் சாய்ந்திருந்தால், பாரைத் திருப்பும்போது உட்புறக் கைப்பிடி தொடைப்பக்கம் இறங்கும், வெளிப்புறக் கைப்பிடி தூரமாக மேலே போகும். உட்கார்ந்து ஓட்டிய காலத்தில் இது தொல்லையாகத் தெரியவில்லை. நின்று ஓட்டுபவருக்கோ முழுவதும் திருப்பிய பாரை எட்டிப் பிடிப்பதே வேலையாகிவிடும். 2003ஆம் ஆண்டு மாடலாக ஸ்கீ-டூ வெளியிட்ட ரெவ் வண்டியில் ஓட்டுபவரை வெகுவாக முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் மலை வண்டிகள் எல்லாவற்றிலும் ஓட்டுபவர் முன்னே நகர்ந்தார், தண்டு நிமிர்ந்தது. பழைய வண்டி வைத்திருந்தவர்கள் தண்டை முன்னால் தள்ளி நிமிர்த்தும் கிட்டுகளை வாங்கி மாட்டினார்கள். சிலர் தாங்களே வெட்டி வெல்டிங் செய்தார்கள். நிமிர்ந்த தண்டில் இரண்டு கைப்பிடிகளும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் சுழலும். பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் உழைப்புக்கு ஏற்ற பலனைத் தருவது இது என்று துணிந்து சொல்லலாம். வெல்டிங் மட்டும் தேர்ந்த கையால் நடக்க வேண்டும். ஓடும்போது முறியும் தண்டுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது.

ஸ்பிண்டிலில் டை ராடு இணையும் கையை நீளமாக்கினாலோ, தண்டின் அடியில் உள்ள கையைக் குட்டையாக்கினாலோ, அதே பலத்தில் ஸ்கீ எளிதாகத் திரும்பும். ஆனால் பாரைக் கூடுதலாகச் சுழற்றினாலும் ஸ்கீ திரும்பும் கோணம் குறைந்திருக்கும். சாய்ப்பதற்கு வெடுக்கென்று ஓர் அசைவு தேவைப்படும் மலையில் இது நல்ல பேரம் அல்ல. டை ராட்டின் இடம் மாறினால், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்கீ தானாகத் திரும்பும் கோளாறும் சேர்ந்துவிடும். ஸ்பிண்டிலின் பின்சாய்வைக் குறைத்தாலும் கனம் குறையும், நேராக ஓடும் இயல்பும் அதோடு குறையும். இந்த இரண்டையும் அளந்து வடிவமைத்த கிட்டாக வாங்கினால் ஒழிய, கொட்டகையில் முயல வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் இதே சிக்கலை வேறு வழிகளில் அணுகினார்கள். 2013 மாடல் சம்மிட் என்ற மலை வண்டியில் ஸ்கீ-டூ கொண்டுவந்த டி-மோஷன் அமைப்பில், பின் சஸ்பென்ஷன் ஒரு பால் ஜாயிண்ட்டின் மேல் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும்; டிராக்கின் ஓரங்களும் வளைந்துகொடுக்கும். 2019 மாடலில் ஆர்க்டிக் கேட் வெளியிட்ட ஆல்ஃபா ஒன், வழக்கமான இரண்டு தண்டவாளங்களுக்குப் பதில் நடுவில் ஒரே தண்டவாளத்தில் டிராக்கைத் தாங்கியது. இரண்டிலும் ஹேண்டில்பாரைத் தொடாமலேயே சாய்ப்பதை எளிதாக்கினார்கள். மின்சார பவர் ஸ்டீயரிங்கை 2011 மாடல் ஏபெக்ஸ் வண்டியில் யமஹா முதன்முதலாகக் கொண்டுவந்தது. அது பாதை வண்டி. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து, பேட்டரியைக்கூடத் தவிர்த்து எடையைக் குறைக்கும் மலை வண்டியில் மோட்டாரும் அதற்கான மின்சாரமும் கூடுதல் சுமையே.

முன்பக்கத்து எடையைக் குறைக்கச் சிலர் கனமான சைலன்சரைக் கழற்றி இலேசானதைப் போடுகிறார்கள். சில கிலோ குறைவது உண்மை. ஆனால் அந்த வண்டியின் சத்தம் பள்ளத்தாக்கின் மறுகரை வரை கேட்கும். மலைகளில் வண்டி ஓட்ட அனுமதி பெறுவதே வரவரக் கடினமாகிவரும் நாளில், அந்தச் சில கிலோவுக்காகச் சத்தத்தைக் கூட்டுவது எல்லாருடைய பாதையையும் அடைக்கும் செயல். அதே எடையை, முன்பக்கப் பையில் திணித்திருக்கும் கருவிகளையும் உபரி ஆயிலையும் பின்னால் கட்டியே குறைத்துவிடலாம். ஆனால் மீட்புக் கருவிகளை அப்படி வண்டியில் கட்டக் கூடாது. பனிச்சரிவில் சிக்கியவரைத் தேடும் டிரான்ஸீவரை உடம்போடு கட்டியிருக்க வேண்டும்; துளைகோலும் மண்வெட்டியும் முதுகுப்பையில் இருக்க வேண்டும். வண்டியில் அவற்றுக்கு இடமே இல்லை.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே சரிவில், அதே மாதிரிப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாடாவின் துளை எண், ஸ்பிரிங் திருகின் சுற்று, டை ராட்டில் வெளியே தெரியும் மரைகள் ஆகியவற்றின் பழைய அளவைத் தொடங்கும் முன்பே எழுதிவைப்பது வழக்கம். ஜனவரிப் பொடிப்பனிக்கு அமைத்த வண்டி மார்ச் மாதக் காலையில் இரவெல்லாம் உறைந்த பனியின் மேல் வழுக்கும். அப்போது பலர் நாடாவை ஒரு துளை இறுக்கிவிட்டுக் கிளம்புகிறார்கள்; வெயில் ஏறிப் பனி இளகியதும், மலையிலேயே வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அந்தப் போல்ட்டைப் பழைய துளைக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.